உக்கிராணக்காரி சொன்ன பொய்

ஜோயல்,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். முதல் முறை சந்தோஷமாகக் கேட்டேன். நடுவில் பேத்தியின் சிணுங்கல் கேட்டதே, அதற்காக. இரண்டாம் முறை உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றாம் முறை தனியாகக் கேட்டபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "சீசன் நேரத்துல வாறோம்மா. பாப்பா ஞானஸ்நானத்த நம்ம சபையில முடிச்சிட்டு, சாப்பாட்ட குற்றாலத்துல ஒரு ரிசார்ட்ல வச்சிருவோம். கல்யாணத்துக்குச் செஞ்ச மாதிரியே கிராண்டா. பாப்பா பேரு போட்டு பையும் அடிச்சிருங்க, அந்தப் பழைய கடையிலயே" என்று சொல்லியிருந்தாய். நீ தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் சொன்னாய். இந்த அருவருப்பு பெரும்பாலும் என்மேல்தான். முழுக்க என்மேல் மட்டும் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும், அதனால் கொஞ்சம் உன்மேலும், கொஞ்சம் நம் சபைமேலும் என்று சேர்த்துக்கொள். பத்து நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் "பாக்கலாம்யா, பாக்கலாம்" என்று சொல்லி வைத்தேன். போனில் இதைச் சொல்ல முடியாது. நீ நடுவில் புகுந்து எனக்குச் சமாதானம் சொல்வாய். சமாதானம் இப்போது எனக்கு வேண்டாம். இதை உட்கார்ந்து படி. பெனிட்டாவும் படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்த அம்மா மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டு, கன்று ஈனத் தவித்த பசுக்களுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சாணி வாசத்தோடு வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டவள். அதோடு, வருடா வருடம் உக்கிராணத்துவ ஞாயிறு வந்தால் சபையில் எழுந்து பேசுகிறவள். பெண்கள் சங்கத்தின் சார்பில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உக்கிராணக்காரன் வீட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை, சாவியை வைத்திருப்பவன் மட்டும்தான் என்று ஆரம்பிப்பேன். மலை ஆண்டவருடையது, அருவி அவருடையது, வயல் அவருடையது, நம் உடம்பும் நேரமும்கூட அவர் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தவை என்பேன். பசுக்களின் வயிற்றிலிருந்து நாங்கள் எடுக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்வேன். எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டில் கேசரி கொடுப்பார்கள். நானும் வாங்கித் தின்றுவிட்டு, தட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு வருவேன். இதை இன்றைக்கு எழுதும்போது அவமானமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, ஜோயல். பேசியதும் எறிந்ததும் ஒரே ஆள் செய்த வேலை என்றுகூடத் தோன்றவில்லை.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு எல்லாரும் தலை துவட்டிக்கொண்டிருக்க, நீ மட்டும் தண்ணீர் ஓடும் பாறை இடுக்கில் உட்கார்ந்து, அங்கே ஒட்டிக் கிடந்த ஷாம்பு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாய். பை நிறைந்ததும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து, "இதெல்லாம் யாரோடதும்மா? தொலச்சிட்டாங்க போல" என்றாய். "சீ, போடு கீழ! கண்டவன் எச்சி" என்று உன் கையைத் தட்டிவிட்டேன். எல்லாம் திரும்பத் தண்ணீரில் விழுந்து கீழே ஓடியது. சோப்பு போட்டு உன் கையைக் கழுவிவிட்டேன். நீ அதற்குப் பிறகு எந்த அருவியிலும் ஒன்றையும் பொறுக்கவில்லை. மேடையில் நான் எத்தனையோ வருடம் பேசிய விஷயத்தை நீ அன்று உன் கையாலேயே செய்துகொண்டிருந்தாய். நான்தான் தட்டிவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு வருகிறேன். குற்றாலம் ரோட்டில் மண்டபம் பிடித்தோம். உன் அப்பா, சொந்தக்காரர்கள் மட்டும் போதும் என்றார். நான் கேட்கவில்லை. ஒரே பிள்ளை, ஊரே வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வந்தவர்கள் கையில் கொடுக்கப் பை அடித்தேன். உன் பெயர், பெனிட்டா பெயர், இரண்டு மோதிரம், கீழே ஒரு வேத வசனம். கடைக்காரர் "துணிதாம்மா" என்றார். தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் துணி இல்லை, அதுவும் பிளாஸ்டிக்தான் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! தெரிந்துகொண்டேதான் "துணின்னா சரி" என்று தலையாட்டினேன். அன்று அதே நாளில் ஊரில் வேறு இரண்டு பெரிய கல்யாணங்கள். எதிர்பார்த்ததில் பாதிப் பேர்தான் வந்தார்கள். சாயங்காலம் நான்கு மணி வாக்கில் சமையல்காரர் என்னிடம் வந்து, "யம்மா, சோறு நாலு அண்டா அப்படியே கிடக்கு. சாம்பார், பாயசம் எல்லாம் இருக்கு. ஆய்க்குடிப் பக்கம் ஒரு இல்லத்துக்குப் போன் போட்டா வாங்கிக்கிடுவாங்க. ஒரு வண்டி மட்டும் சொல்லுங்க, நானே கொண்டு குடுத்திருதேன்" என்றார். அப்போது பெண் வீட்டார் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். உன் மாமியாரோடு போட்டோவுக்கு நிற்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்ப அதுக்கெல்லாம் நேரமில்லய்யா. அங்கன பின்னால எங்கயாவது கொட்டிருங்க" என்று கையை வீசிவிட்டுப் போனேன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னேன். பிரிக்காத பைக் கட்டுகள் இரண்டு மீந்திருந்தன. "அந்தப் பையில கட்டிப் போடுங்க, இல்லன்னா வாடை வரும்" என்றேன். அந்தப் போட்டோ இன்னும் நம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பேச்சியம்மாளை உனக்குத் தெரியாது. அந்த மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறவள். புருஷன் இறந்துவிட்டான், பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு மாடு, செவலை. காலையும் மாலையும் பால் கறந்து நாலு தெருவுக்கு ஊற்றிப் பிழைத்தாள். உன் கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் செவலையை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "யக்கா, மூணு நாளா அசை போட மாட்டேங்குது. தண்ணியும் குடிக்கல. ஒரு பக்கம் மட்டும் வயிறு பானை கணக்கா இருக்கு பாருங்க" என்றாள். மாடு ஐந்து மாதச் சினை. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, திறந்துதான் ஆக வேண்டும் என்றார். நின்றபடியே மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவில் கிழித்தார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. எத்தனையோ வருடம் பழகியவள் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோள்வரை உறை மாட்டிய கையை டாக்டர் உள்ளே விட்டு விட்டு வெளியே இழுத்தார். பால் கவர், கயிறு, எண்ணெய்ப் பாக்கெட், ஒரு செருப்பு வார், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கறுப்பாய்ப் பந்து பந்தாக வந்தது. ஒரு வாளி நிறைந்து இரண்டாவது வாளி வைத்தேன். அப்போது வந்தது, முடிச்சுப் போட்ட பை ஒன்று. முடிச்சு அவிழவே இல்லை. மாடு சோற்று வாசத்துக்கு அதை அப்படியே விழுங்கியிருக்கிறது. சளி மாதிரி வழிந்ததை நான் கையால் வழித்தேன். சிவப்பு எழுத்தில் உன் பெயர். அதற்குக் கீழே மோதிரம். பக்கத்தில் பெனிட்டாவின் பெயரில் பாதி.

நான் அதைச் சட்டென்று மடித்து வாளியின் அடியில் அமுக்கினேன். அதன் பின்னால் இன்னும் இரண்டு வந்தன. அவற்றையும் அமுக்கினேன். டாக்டர் நிமிராமலே, "எந்தக் கடைக் குப்பைம்மா இது, இவ்வளவு?" என்று கேட்டார். அவர் பதில் எதிர்பார்த்துக்கூடக் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அப்படியே போயிருக்கும். ஆனால் நான் பேசினேன். "குற்றாலம் ரோட்டுல பாய் கடை இருக்குல்லா சார், பரோட்டாக் கடை. மாடு எப்பவும் அங்கனதான் நிக்கும்" என்றேன். மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். "மைதீன் அண்ணாச்சியா? அவரு தெனம் இலை போடுவாரே யக்கா. நல்ல மனுசன்லா" என்றாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். "இலையோட சேத்துத்தான் எல்லாத்தையும் போட்டிருப்பாரு. நல்லவங்க மாதிரிதான் இருப்பாங்க" என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்மேல் சாய்ந்து அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன், ஜோயல். உன் அம்மா ஆறுதல் சொன்னாள்.

செவலை நான்காம் நாள் செத்தது, வயிற்றிலிருந்த கன்றோடு. பேச்சியம்மாள் நேராக மைதீன் பாயின் கடைக்குப் போய் ரோட்டு மண்ணை இரண்டு கையாலும் வாரி பரோட்டாக் கல்லின்மேல் எறிந்தாளாம். "எம் மாட்டக் கொன்னுட்டியே, நீ வெளங்குவியா" என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் விட்டார்கள். மாட்டைக் கொன்ற பாய் கடை என்று அதற்கு ஒரு தலைப்பு. எனக்கே நான்கு குழுவில் வந்தது, அதில் ஒன்று நம் சபைக் குழு. இதில் எனக்கு மிகவும் அருவருப்பான இடம் எது தெரியுமா? அந்த ரோட்டில் வேறு கடைகளும் இருந்தன. நம் சபைக்காரர் ஒருவரின் பேக்கரிகூட இருந்தது. என் வாயில் ஏன் 'பாய் கடை' என்று வந்தது? அப்படிச் சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள், பொய் தானாக ஓடும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது. ஓடியது. பத்து நாளில் இடத்துக்காரர் கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நான் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது மூடிக் கிடந்த தகரக் கதவைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த வருடமும் உக்கிராணத்துவ ஞாயிறு வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் செவலையின் கதையைச் சொன்னேன். ஒரு கடைக்காரரின் அலட்சியத்தால் ஒரு விதவையின் பிழைப்பு போனது என்று பீடத்துக்கு முன்னால் நின்று, குரல் தழுதழுக்கச் சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் ஐயா உயிருள்ள சாட்சி என்று பாராட்டினார். வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்று வாந்தியெடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அப்பா மோர் கலக்கிக் கொடுத்தார். அவரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ரிட்டயர் ஆனேன். பிரிவு உபசார விழாவில் உண்மையான ஊழியக்காரி என்று எழுதி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைப் பீரோவுக்குள் குப்புற வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் கோடையில் நானும் அப்பாவும் புனலூரில் உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் புளியறையில் செக்போஸ்டைத் தாண்டி நின்றுபோனது. வேறு பஸ் வரும் வரை லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடையில் போய் உட்கார்ந்தோம். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஆஸ்பத்திரி அம்மாதான? வாங்கம்மா, வாங்க. சார், உக்காருங்க. டீ போடச் சொல்லுதேன்." மைதீன் பாய். இளைத்துக் கறுத்துப்போயிருந்தார். சொந்தக் கடை வைத்திருந்தவர் இங்கே இன்னொருவர் கடையில் மாஸ்டர். "எங்க ஆட்டுக்கு அம்மை கண்டப்ப நீங்கதான வீட்டுக்கே வந்து ஊசி போட்டீங்க. மறக்க முடியுமா?" என்று அப்பாவிடம் என் பெருமையைச் சொன்னார். டீயை அவரே கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை. என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. ஆடை படியும் வரை கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் பார்க்காதபோது மேசைக்குக் கீழே ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார். பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம். அவருகிட்டப் போய்ச் சொல்லு" என்றார். நான்கு நாள் கழித்துத் தனியாகப் புளியறைக்குப் போனேன். கூட்டம் இல்லாத முற்பகல். மைதீன் பாய் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பாதியில் அவர் கை நின்றுவிட்டது. முடித்ததும், "அந்தப் பைய நீங்க பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் எம் பேரச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"தெரியாமச் சொல்லியிருந்தீங்கன்னா பரவால்லம்மான்னு சொல்லிருப்பேன்" என்றார். மாவை ஈரத்துணியால் மூடினார். "எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கடை போச்சு, அது போகட்டும். அந்த மாடு எங் கையில தின்னது. இலையில குத்தியிருக்க ஈர்க்கக்கூட உருவிப்போட்டுட்டுத்தான் வைப்பேன், தொண்டையில குத்திரும்னு. அது பேச்சியம்மாளுக்குத் தெரியும். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்களே மண்ண வாரிப் போட்டுட்டாங்களேன்னுதாம்மா எனக்கு. போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட இல்ல."

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் மலையையும் அருவியையும் மாட்டையும் ஆண்டவர் நம் கையில் ஒப்படைத்தார் என்று பேசிய நான், இன்னொரு மனிதரின் நல்ல பெயரும் அப்படி என் கையில் இருந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக அழுக்காக்கினேன். சோற்றைக் கொட்டியது சோம்பேறித்தனம், பை அடித்தது பகட்டு. அவர் பெயரைச் சொன்னது வேறு. அதற்கு நான் இன்னும் ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சியம்மாள் வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் விறகைக் கீழே வைத்துவிட்டு, "சோறு நல்லா இருந்துச்சா, உங்க வீட்டுக் கல்யாணத்துல?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அன்னைக்கு எந் தோளப் பிடிச்சிட்டு நின்னியே. தெரிஞ்சுக்கிட்டேவா நின்ன?" என்றாள். அதுவரை என்னை ஒருமையில் பேசாதவள். பிறகு முந்தானையை எடுத்து அந்தத் தோளைத் துடைத்தாள். மூன்று வருடம் ஆகப்போகிறது, ஜோயல். அதை இப்போதுதான் யாரோ தொட்ட மாதிரித் துடைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பெண்கள் சங்கத்திலும் எழுந்து சொன்னேன். தலைவி என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "யக்கா, மனசுல வச்சு ஜெபம் பண்ணுங்க, போதும். வெளிய தெரிஞ்சா நம்ம சபைக்குத்தான அசிங்கம்" என்று காதில் சொன்னார். அப்புறம் எல்லாரும் அடுத்த மாத விற்பனை விழாவைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருடம் உக்கிராணத்துவ ஞாயிறு பேச வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பாய் கடை முன்னால் படம் பிடித்த பையனின் வீட்டைக் கண்டுபிடித்து, நான் சொல்வதையும் படம் எடுத்துப் போடு என்று கேட்டேன். போட்டான். பொய் கேரளம் வரை போயிருந்தது. உண்மை எங்கள் தெருவைத் தாண்டவில்லை.

இப்போது தினமும் காலையில் நானும் அப்பாவும் மண்டபத்துக்குப் பின்னால் போகிறோம். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் அந்தக் கரை எப்படி இருக்கும் என்று நீ வந்து பார்க்க வேண்டும். எச்சில் இலை, புழு நெளியும் சோறு, ஊதிப்போன பைகள், அவற்றில் யார் யாரோ மாப்பிள்ளைகளின் பெயர்கள். முடிச்சுகளை அவிழ்த்துச் சோற்றைக் குழியில் தள்ளி, பைகளைத் தனியாகக் கட்டுகிறோம். வாசனை நாள் முழுக்க மூக்கிலேயே இருக்கிறது. இதை ஊழியம் என்று யாரிடமும் சொல்லாதே. இது நான் போட்ட குப்பையை நான் அள்ளுவது. இதைச் செய்வதால் என் அருவருப்பு குறையவும் இல்லை. குறைய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. வீட்டில் எதைக் கையில் எடுத்தாலும், ஒரு கரண்டிச் சோறானாலும், இன்னொருத்தியைப் பற்றி வாய்க்கு வந்த ஒரு பேச்சானாலும், இது என் கையை விட்டு எங்கே போய் விழும் என்று ஒரு நொடி நிற்கிறேன். உக்கிராணத்துவம் என்று நான் இத்தனை நாள் பேசியது இந்த ஒரு நொடிதான் போல. மேடையில் இது அகப்படவில்லை.

அதனால் ரிசார்ட் கிடையாது, பை கிடையாது. உன் மாமனார் வீட்டில் கேட்டால் அம்மா மாட்டேன் என்றுவிட்டாள் என்று என்மேல் போடு. வருத்தப்பட மாட்டேன். பாப்பாவுக்குக் காலை ஆராதனையில் ஞானஸ்நானம். மத்தியானம் நம் வீட்டில் வருகிறவர்களை எண்ணி உலை வைப்பேன். நீ என்மேல் கோபப்பட்டால் கோபப்படு. இவ்வளவு நாள் மறைத்துவிட்டு என் மகள் விருந்தில் வந்து புத்தி சொல்கிறாளே என்று நினைத்தால் அதுவும் நியாயம். ஆனால் உன் பிள்ளை பெயரை எதிலும் அச்சடித்து ஊருக்குக் கொடுக்காதே. அது எங்கே போய்ச் சேரும் என்று உனக்குத் தெரியாது.

இதை நான் போன வாரமே எழுதி முடித்திருப்பேன். சனிக்கிழமை காலை பேச்சியம்மாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "புளியறைக்கு எந்த பஸ்ல போவணும்? கடை எங்கன இருக்குன்னு காட்டு" என்றாள். போனோம். அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள், நான் நாலு வரிசை பின்னால். கடையைக் கை காட்டினேன். அவள் நேராக மைதீன் பாய்க்கு முன்னால் போய் நின்று, "அண்ணாச்சி" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க பேச்சிம்மா. மாடு எதுவும் வாங்குனீங்களா?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி. மனசு வரல" என்றாள். அவர் பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்க. மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், நிறுத்தியிருந்த லாரிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மலையிலிருந்து சாரல் இறங்கியது. குடை கொண்டுபோகவில்லை. அவர்கள் அரைமணி நேரம் பேசினார்கள். லாரிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் ஒரு தடவை முகத்தைத் துடைத்ததும், ஒரு தடவை அவர் ஏதோ சொல்லிச் சிரித்ததும், பிறகு இவளும் சிரித்ததும் தெரிந்தது. நான் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. நனைந்துகொண்டு அப்படியே நின்றேன்.

அம்மா